மாயவித்தையும் நடிப்பும்

ஒரு காசை வலக்கையில் எடுத்து இடக்கையில் வைப்பது எளிய செயல். வைப்பது போலக் காட்டி, வைக்காமல் வலக்கையிலேயே மறைத்துக்கொள்வது சற்றுக் கடினமான செயல். ஆயினும், நாள்தோறும் ஒரு மணி நேரம் பழகினால் சில மாதங்களில் அது எவர்க்கும் கைவந்துவிடும். கைவந்த பின்னர், அதனை நாலு பேர் முன்னிலையில் செய்து காட்டும்போதுதான் உண்மையான இடர் தோன்றுகிறது. கை தவறுவதில்லை, கண் தவறிவிடுகிறது. காசு ஒளிந்திருக்கும் வலக்கையை அது திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அல்லது, பார்த்துவிடக் கூடாதே என்று அஞ்சி எங்கோ வெறித்து நோக்குகிறது. தோள் இறுகுகிறது. குரல் மாறுகிறது. எதிரே இருப்பவர் காசு சென்ற வழியை அறியாவிட்டாலும், ஏதோ ஒன்று மறைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்கிறார். அறிந்த அளவிலே வித்தை வீழ்ந்துவிடுகிறது.

மாயவித்தை பயில்வோர் நடிப்பையும் ஒரு தனிக் கலையாகப் பயிலுதல் வேண்டுமா என்னும் வினா இவ்விடத்தில்தான் பிறக்கிறது. வேண்டா என்பார் பலர். கைத்திறமே வித்தை, ஏனையவெல்லாம் மேற்பூச்சு என்பது ஒரு சாரார் கருத்து. மேடையேறிப் பழகப் பழக நடிப்புத் தானே வந்துவிடும், அதற்கென ஓர் ஆசிரியரை நாடுதல் வீண் என்பது மற்றொரு சாரார் கருத்து. வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும், மறுப்போர் கூறுவனவற்றுள்ளும் உண்மை உண்டு; அதனை ஒதுக்கிவிட்டு இவ்வினாவிற்கு விடை காணல் இயலாது.

இதனை ஆழ்ந்து எண்ணியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் ஹூடின் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1805ஆம் ஆண்டில் புளுவா என்னும் ஊரில் பிறந்தவர், கடிகாரத் தொழிலாளர். நுண்ணிய பொறிகளைச் செய்வதில் வல்லவர். 1845ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் தமக்கென ஒரு சிற்றரங்கம் அமைத்து வித்தை காட்டத் தொடங்கினார். பொறித்திறனும் கைத்திறனும் ஒருங்கே வாய்த்த அவரே, வித்தை காட்டுபவன் உண்மையில் மாயம் வல்லவனாக வேடம் தாங்கும் ஒரு நடிகனே என்னும் கருத்தைத் தம் நூலில் எழுதிவைத்தார். அந்நூல் 1868ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொறியே தொழிலாகக் கொண்ட ஒருவர் பொறியை இரண்டாம் இடத்தில் வைத்து நடிப்பை முதலிடத்தில் வைத்தார் என்பதை நாம் கருதவேண்டும்.

அவர் அவ்வாறு கருதியதற்குக் காரணம் என்ன? அவர் காட்டிய ஒரு காட்சியே அதனை விளக்கும். 1846ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொண்டு வலியின்றி அறுவை செய்து காட்டினர். மறு ஆண்டில் பாரிசில் எங்கும் ஈதரைப் பற்றியே பேச்சு. அப்போது ராபர்ட் ஹூடின் தம் இளைய மகனை மேடைக்கு அழைத்து வந்தார். சிறுவனின் இரு கைகளும் இரு கோல்களின்மேல் ஊன்றியிருந்தன. தந்தையார் ஒரு சிறு குப்பியை அவன் மூக்கருகே பிடித்தார். குப்பி வெறுங்குப்பியே. ஆனால், திரைக்குப் பின்னே ஒருவர் சூடேறிய இரும்பின்மேல் ஈதரை ஊற்ற, அதன் மணம் அரங்கம் முழுவதும் பரவியது. சிறுவனின் தலை சாய்ந்தது. கால்களின் கீழிருந்த இருக்கையும் ஒரு கோலும் நீக்கப்பட்டன. பின்னர்த் தந்தையார் தம் சுண்டுவிரலால் அவனைத் தூக்குவது போலத் தூக்க, எஞ்சிய ஒரு கோலின்மேல் முழங்கை மட்டும் பதிந்திருக்க, அவன் காற்றிலே படுத்துத் துயின்றான். பெற்ற மகனுக்கு மயக்க மருந்து கொடுத்து அவன் உடல்நலத்தைக் கெடுக்கலாமா என்று அவரைக் கடிந்து கடிதங்கள் வந்தனவாம். கண்டவர்கள் கோலை மறந்தனர், பொறியை மறந்தனர், ஒரு தந்தையையும் மகனையும் கண்டனர். காட்சியின் மறைபொருளை இங்கே கூறுதல் முறையன்று. ஆனால், மக்களை அஞ்ச வைத்தது அம்மறைபொருள் அன்று என்பதைக் கூறலாம்.

இதனோடு ஒப்பிடத்தக்க காட்சி ஒன்று அதற்கும் முன்னரே நம் சென்னையில் நிகழ்ந்துள்ளது. 1830களின் தொடக்கத்தில், முதியவர் ஒருவர் தரையைத் தொடாமல் காற்றில் அமர்ந்து காட்டினார். ஒரு கை மட்டும் தண்டின்மேல் பட்டிருந்தது. அதனைக் கண்ட ஆங்கிலேயர் எழுதிய செய்தி படத்துடன் இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. அம்முதியவர் ஈதர் என்னும் பெயரையே அறியார். அவர் கொண்ட கோலம் தவத்தில் ஆழ்ந்த ஒருவரின் கோலம். காற்றில் அமர்தல் ஏறத்தாழ ஒன்றே. சென்னையில் அது தவத்தின் ஆற்றலாகத் தோன்றியது, பாரிசில் அறிவியலின் விந்தையாகத் தோன்றியது. ஒரே காட்சியை இருவேறு பொருளுடையதாக்கியது எது? அவரவர் தாங்கிய வேடமும், அவ்வேடத்திற்கு ஏற்ற நடிப்புமே ஆகும்.

பெரிய காட்சிகளுக்கு மட்டுமே இஃது உரியது என்று எண்ணவேண்டா. காசும் பந்தும் கொண்டு செய்யும் சிறு வித்தைகளுக்கு இது பின்னும் மிகுதியாக உரியது. இதனை ஆராய்ந்து காட்டியோரும் உளர். 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை செய்தனர். வித்தைக்காரர் ஒரு பந்தை இருமுறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவது போலக் கையை மட்டும் உயர்த்துகிறார். பந்து கையிலேயே இருந்துவிடுகிறது. இல்லாத பந்தைக் கண்ணால் பின்தொடர்ந்து அவர் மேல்நோக்கியபோது, கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே சென்று மறைந்ததாகக் கூறினர். கைச்செயல் அவ்வாறே இருக்க, அவர் தம் கையையே நோக்கியபோது அவ்வாறு கூறியோர் மூன்றில் ஒரு பங்கினரே. கை செய்தது ஒன்றே. கண் செய்தது வேறுபட்டது. அதனால் கண்டவர் உள்ளத்தில் நிகழ்ந்ததும் வேறுபட்டது. இன்னொன்றும் அவர்கள் கண்டனர். மேலே சென்ற பந்தைக் கண்டதாகக் கூறியவர்களிற் பலர் அவ்விடத்தை நோக்கவே இல்லை. வித்தைக்காரரின் முகத்தையே நோக்கியிருந்தனர்.

இல்லாத பந்தைப் பார்ப்பது எங்ஙனம்? இதுவே நடிகர்க்கு உரிய வினா. அரங்கில் அரசனாக நிற்பவனுக்கு முன்னால் படை இல்லை. ஆயினும் அவன் படையைக் காணவேண்டும். மாஸ்கோ நகரில் 1898ஆம் ஆண்டில் புகழ்மிக்க நாடக மன்றத்தை நிறுவியோருள் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, இதற்கென ஒரு பயிற்சி முறையையே வகுத்தார். இஃது உண்மையாயின் நான் என் செய்வேன் என்று நடிகன் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நிலை. காசு பயில்பவனுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறு இல்லை. அவன் முதலில் காசை உண்மையாகவே இடக்கையில் வைத்துப் பார்க்கவேண்டும். அப்போது கண் எங்குச் செல்கிறது, விரல்கள் எத்துணை இறுக்கமாக மூடுகின்றன, காசில்லாத வலக்கை எவ்வளவு கவலையற்றுக் கீழே விழுகிறது என்று ஊன்றி நோக்கவேண்டும். பின்னர்க் காசை வைக்காமலே அவ்வளவையும் செய்யவேண்டும். கைத்திறம் கற்பிக்கும் நூல்கள் பல, காசை மறைக்கும் விரலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும். காசில்லாத கையைப் பற்றி ஒரு வரி எழுதும். நடிப்பு கற்றவனோ காசில்லாத கையிலிருந்தே தொடங்குவான்.

இனி, மறுப்போர் கூற்றைக் காண்போம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு வித்தைக்காரர் வந்தார். பளபளக்கும் அங்கியும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். நாடகங்களில் நடித்த பழக்கமும் அவர்க்கு உண்டு என்று கூறினர். ஒவ்வொரு வித்தைக்கும் முன்னர் அவர் புருவத்தை நெரித்தார். கையை வானை நோக்கி உயர்த்தினார். இடிமுழக்கம் போலப் பேசினார். வெறும் பெட்டியைத் திறந்து காட்டும்போது, "பாருங்கள், பெட்டியில் ஒன்றுமே இல்லை!" என்று மும்முறை முழங்கினார். அந்த முழக்கத்தைக் கேட்ட பின்னரே பெட்டியில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. என் அருகிலிருந்த சிறுவன், "அடியில் இன்னொரு தட்டு இருக்கிறதடா" என்று என் காதில் கூறினான். அவன் கூறியது சரியோ தவறோ அறியேன். ஆனால், வித்தைக்காரரின் நடிப்பே அவனை அவ்வாறு கூறச் செய்தது.

நடிப்புக் கற்றால் வித்தை கெடும் என்போர் இத்தகையோரைத்தான் சுட்டிக்காட்டுகின்றனர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. நாடகம் காண வந்தவன் முன்னரே உடன்பட்டு வருகிறான். மேடையில் இருப்பவன் அரசன் அல்லன் என்பதை அவன் அறிவான். அறிந்தும் அரசன் என்றே கொண்டு மகிழ்கிறான். வித்தை காண வந்தவன் அவ்வாறு உடன்படுவதில்லை. அவன் கள்ளனைப் பிடிக்க வந்த காவலனைப் போல விழித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். ஆதலின், நாடக நடிகன் தன் நடிப்பைக் கடைசி வரிசைக்கும் எட்டும்படி காட்டவேண்டும். வித்தைக்காரனோ தான் நடிப்பதே தோன்றாமல் நடிக்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் நாடக மேடையின் நடிப்பை அப்படியே எடுத்து வந்தால் எங்கள் பள்ளியில் நிகழ்ந்ததே நிகழும். எனினும், இது நடிப்பைக் கற்றதன் குற்றமன்று. குறைவாகக் கற்றதன் குற்றம். நடிப்பை முற்றக் கற்றவன் அடக்கத்தையும் கற்றிருப்பான்.

அடக்கம் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்குக் கார்டினி என்பவரைச் சான்றாகக் கூறலாம். வேல்சு நாட்டில் 1895ஆம் ஆண்டில் பிறந்து 1973ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். மேடையில் அவர் பேசுவதே அரிது. ஒற்றைக் கண்ணாடி அணிந்து, கையுறை பூண்டு, விருந்தில் சிறிது மிகுதியாகக் குடித்துவிட்டு வரும் கனவானாக அவர் நுழைவார். திடீரென அவர் விரல்களுக்கிடையே சீட்டுகள் தோன்றும். அவற்றைக் கண்டு அவரே திடுக்கிடுவார். கீழே எறிவார், மீண்டும் தோன்றும். அவர் வித்தை செய்பவராகத் தோன்றுவதில்லை. வித்தையிடம் அகப்பட்டுக்கொண்டு வருந்துபவராகவே தோன்றுவார். காண்போர் அவரைப் பிடிக்க எண்ணாமல், அவர்மேல் இரக்கம் கொண்டனர். கையுறை அணிந்த விரல்களால் சீட்டுகளை அவ்வாறு கையாள்வது உலகில் மிகச் சிலர்க்கே இயலும். அவ்வருந்திறத்தை, ஒன்றும் இயலாத ஒருவரின் வேடத்துக்குள் அவர் ஒளித்துவைத்தார். என் கணிப்பில், இதற்கு மேலான வித்தை நடிப்பு அரிது.

வங்கத்தைச் சேர்ந்த பி. சி. சர்க்காரும் இத்திறத்தில் தாழ்ந்தவர் அல்லர். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இலண்டன் தொலைக்காட்சியில் அவர் ஓர் இளம்பெண்ணை மேசையில் கிடத்தி, சுழலும் வாளால் இரு கூறாக அறுப்பது போலக் காட்டினார். பின்னர் அவளை எழுப்ப முயன்றார். கைகளைத் தேய்த்தார். அவள் அசையவில்லை. அவர் அவள் முகத்தைத் துணியால் மூடினார். அந்நேரத்தில் நிகழ்ச்சியை நடத்துபவர் முன்வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார். பெண் இறந்தே போனாள் என்று எண்ணிப் பதறியவர்கள் நிலையத்திற்குத் தொலைபேசியில் ஓயாமல் அழைத்தனர். அடுத்து நிகழ்ந்த அவருடைய மேடைக் காட்சிகளுக்கு இலண்டன் மக்கள் திரண்டனர். வாள் செய்ததைவிடத் துணி செய்தது பெரிது.

நம் முன்னோர் உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் வியப்பாகிய மருட்கையும் ஒன்று. அது புதியதைக் காண்பதாலும், மிகப் பெரியதைக் காண்பதாலும், மிகச் சிறியதைக் காண்பதாலும், ஒன்று மற்றொன்றாக மாறக் காண்பதாலும் பிறக்கும் என்பர். நான்காவதாகிய மாற்றமே மாயவித்தையின் நிலைக்களம். ஆனால் மாற்றம் நிகழ்ந்தால் மட்டும் போதாது. அதனைக் காட்டுபவனின் மெய்யில் அது பெரிதெனத் தோன்றினால்தான் காண்பவனின் மெய்யிலும் மருட்கை தோன்றும்.

இவ்வளவு வலிய கருவி தீயவழியிலும் செல்லும் என்பதை மறைத்தல் கூடாது. முன்னர்க் கூறிய ராபர்ட் ஹூடினிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது. அடியில் மறைத்த மின்காந்தத்தால் அதனைத் தூக்க முடியாதபடி செய்யலாம். பாரிசில் அது வெறும் விளையாட்டு. 1856ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவரை அல்சீரியாவுக்கு அனுப்பியது. அந்நாட்டு மக்களிடையே அற்புதம் காட்டிச் செல்வாக்குப் பெற்றிருந்தவர்களைவிடப் பிரெஞ்சுக்காரரே ஆற்றல் மிக்கவர் என்று காட்டுவது அரசின் நோக்கம். அங்கே அவர் வேடத்தை மாற்றினார். பெட்டி கனக்கிறது என்று கூறவில்லை. உன் வலிமையை நான் பறித்துவிட்டேன் என்று வலிய இளைஞன் ஒருவனிடம் கூறினார். அவன் இழுத்தான், இயலவில்லை. முடிவில் கைப்பிடி வழியே மின்சாரம் பாய, அவன் அலறி ஓடினான். இவற்றை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எல்லாம் கைத்திறமே, மந்திரமன்று என்று பின்னர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக மக்களுக்கு உணர்த்தப்பட்டது என்றும் எழுதியுள்ளார். எனினும், அடிமைப்பட்ட ஒரு நாட்டின் இளைஞன் தன் வலிமை போயிற்று என்று நம்பி ஓடிய அந்த நேரத்தை நினைக்கும்போது என் உள்ளம் கூசுகிறது. சிறந்த நடிகர் ஒருவர், காண்போர் அறியாமலே அவர்களை மேடைக்கு வெளியேயும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்.

சுங் லிங் சூ என்னும் பெயரில் இலண்டனில் புகழ்பெற்ற வித்தைக்காரர் சீனர் அல்லர். வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர். உண்மையான சீன வித்தைக்காரர் ஒருவரின் பெயரையும் கோலத்தையும் பின்பற்றியவர். செய்தியாளரிடம் பேசும்போதும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே பேசினார். 1918ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் காட்சியில் துப்பாக்கி பழுதாகி உண்மையாகவே சுட்டுவிட்டது. அப்போதுதான் அவர் மேடையில் முதன்முறையாக ஆங்கிலம் பேசினார் என்பர். மறுநாள் இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் இறக்கிவைக்காத வேடத்தை ஒரு குண்டு இறக்கிவைத்தது.

நடிப்பைத் தனிக் கலையாகக் கற்றல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நடிகன் வேடத்தைப் புனையக் கற்பதோடு களையவும் கற்கிறான். திரை விழுந்ததும் அவன் அரசன் அல்லன். வித்தையை மட்டும் கற்று நடிப்பைக் கல்லாதவனுக்கு இந்த எல்லை எளிதில் புலப்படாது. கைதட்டலில் மயங்கித் தனக்கே ஏதோ ஆற்றல் இருப்பதாகப் பிறரை நம்பவிடுவான். இறந்தோருடன் பேசுவதாகக் கூறிப் பொருள் பறித்தோரை 1920களில் ஹூடினி என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஊர் ஊராகச் சென்று வெளிப்படுத்தினார். அவர்கள் செய்தவை அவர் மேடையில் செய்தவை போன்றவையே. அவர் அவற்றை விளையாட்டு என்றார். அவர்கள் அவ்வாறு கூறவில்லை.

மேடையே நடிப்பைக் கற்பித்துவிடும் என்போர்க்கும் விடை கூறவேண்டும். அவர்கள் கூறுவது ஒரு காலத்தில் முற்றும் உண்மையாக இருந்தது. தெருவில் செப்பிடுவித்தை காட்டியவர்கள் தந்தையின் பின்னே பையைத் தூக்கிச் சென்று கற்றவர்கள். பந்தை மறைக்கும் விரலோடு, எப்போது பேசுவது, எப்போது வாய் மூடுவது, யாரை நோக்குவது என்பனவும் அவர்களுக்குச் சேர்ந்தே வந்தன. அவர்களுக்கு நடிப்பாசிரியர் வேண்டியதில்லை. தந்தையே ஆசிரியர், தெருவே பள்ளி. இன்று வித்தை கற்கும் இளைஞனோ தன் அறையில் தனியே அமர்ந்து, நூலிலிருந்தும் திரையிலிருந்தும் கற்கிறான். விரலின் அசைவை அவன் நூறுமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தெருவில் நின்ற நாற்பது பேரின் கண்களை அவன் காண்பதில்லை. பழைய முறையில் சேர்ந்தே கிடைத்தது இன்று தனியே தேடிப் பெறவேண்டியதாயிற்று.

எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் முதியவர் ஒருவர் ஆண்டுக்கொரு முறை வந்து செப்பிடுவித்தை காட்டுவார். மூன்று மரச்செப்புகள், சில துணிப்பந்துகள், ஒரு சிறு கோல், வேறொன்றும் இல்லை. முதுமையால் அவர் விரல்கள் நடுங்கும். சில வேளைகளில் பந்து விரலிடுக்கில் தெரியக்கூடத் தெரியும். ஆனால், செப்பைத் தூக்குமுன் அவர் ஒரு கணம் தயங்குவார். உள்ளே என்ன இருக்குமோ என்று அவரே ஐயுறுவது போலச் செப்பைப் பார்ப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். நாங்கள் மூச்சடக்கி நிற்போம்.

ஒருநாள் வித்தை முடிந்தபின் நான் அவர் அருகே சென்று, "தாத்தா, உண்மையாகவே உங்களுக்கு மந்திரம் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் இருந்த வியப்பு முழுதும் அகன்றது. "மந்திரமாவது ஒன்றாவது! எல்லாம் இந்த வயிற்றுக்காகத்தான், தம்பி" என்று கூறி வயிற்றைத் தட்டிக் காட்டினார். செப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் பையில் இட்டுக்கொண்டு, சாதாரணக் கிழவர் ஒருவராக அடுத்த தெருவை நோக்கி நடந்தார். அங்குச் சென்று சேர்ந்ததும் அவர் உடுக்கையை ஒலித்தது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் மீண்டும் ஓடினோம்.